மறு: ‘ரிஜிட் டெசிக்னேட்டர்’ – விலகாக் குறி எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

> சால் கிரிப்கியின் உரைகளைத் தமிழில் எழுதிப் பார்க்கிறேன். ‘ரிஜிட் டெசிக்னேட்டர்’ வந்ததும் கை நின்றுவிட்டது. ‘விறைப்பான குறிப்பான்’ என்று போட்டேன். எனக்கே பிடிக்கவில்லை.

தம்பி, உங்களுக்கே பிடிக்காமல் போனது நல்லதுதான். விறைப்பு என்றதும் குளிரில் மரத்துப்போன விரல்தான் நினைவுக்கு வருகிறது. அமெரிக்க மெய்யியலாளரான கிரிப்கி பேசுவது கெட்டித்தன்மையைப் பற்றி அல்ல. ‘குறிப்பான்’ என்ற சொல்லையும் மொழியியலாளர் சசூரைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்கள் முன்பே வேறொன்றுக்கு எடுத்துக்கொண்டார்கள். அங்கே அது சொல்லின் ஒலிப்பக்கம். ஒரே மாணவர் இரண்டையும் படிக்க நேர்ந்தால் குழம்பிப்போவார்.

சொல்லுக்குப் போகுமுன் பொருளை ஒருமுறை பார்த்துவிடுவோம். 1970 ஜனவரியில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கிரிப்கி மூன்று உரைகள் ஆற்றினார். அப்போது அவருக்கு வயது 29. எழுதிய தாள் இல்லை, குறிப்புகூட இல்லை. ஒலிப்பதிவிலிருந்து எழுதியெடுத்த அந்தப் பேச்சு 1972-இல் ஒரு தொகுப்பில் வந்தது. 1980-இல் நீண்ட முன்னுரையோடு ‘நேமிங் அண்ட் நெசசிட்டி’ என்று தனி நூலானது. படிக்கும்போது இன்றும் எதிரே ஒருவர் நின்று பேசுவது போலவே இருக்கிறது. அதனால் நாம் தேடும் சொல்லும் வகுப்பில் வாய்விட்டுச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். ஏட்டில் மட்டும் வாழும் ஐந்தசைச் சொல் இங்கே உதவாது.

அவர் தரும் சோதனை எளியது. உரை நடந்தபோது அமெரிக்க அதிபர் நிக்சன். “1970-இல் அமெரிக்க அதிபராக இருந்தவர்” என்ற தொடரும் “நிக்சன்” என்ற பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன. ஆனால் 1968 தேர்தல் வேறு மாதிரி முடிந்திருந்தால்? அந்தத் தொடர் அவரை எதிர்த்து நின்ற ஹம்ஃப்ரியிடம் போய்விடும். “நிக்சன்” என்ற பெயர் போகாது. தோற்றுப்போன நிக்சனைப் பற்றித்தான் அப்போதும் பேசிக்கொண்டிருப்போம். நிக்சன் அல்லாத ஒருவர் அதிபராக இருந்திருக்கலாம். நிக்சன் அல்லாத ஒருவர் நிக்சனாக இருந்திருக்க முடியாது. (வேறொருவருக்கு நிக்சன் என்று பேர் வைத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அது வேறு கேள்வி. பெயரை நாம் இன்று நம் மொழியில் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதே இங்கே பேச்சு.)

நிலைமைகள் எப்படி மாறினாலும் தான் குறித்த பொருளை விட்டு வேறொன்றுக்குத் தாவாத குறி. ‘ரிஜிட்’ என்று கிரிப்கி சொல்வது இவ்வளவுதான். இதை மனத்தில் வைத்து, இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளைப் பார்க்கலாம்.

‘உறுதிச் சுட்டி’ வேண்டாம் என்பேன். உறுதி என்றால் நமக்குச் சந்தேகம் இல்லை என்று பொருள் வந்துவிடும். நாம் எதை அறிந்திருக்கிறோம் என்பதையும், எது வேறு விதமாக இருந்திருக்கவே முடியாது என்பதையும் பிரித்துக் காட்டத்தான் கிரிப்கி அந்த உரைகளில் பாடுபட்டார். தங்கத்தின் அணு எண் 79 என்பது ஆய்வில் தெரியவந்தது. ஒரு காலத்தில் யாருக்கும் தெரியாது. தெரியாவிட்டாலும் அது வேறாக இருந்திருக்க முடியாது என்கிறார் அவர். இந்த இரண்டையும் மறுபடி ஒட்டவைக்கும் சொல்லை நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது. போதாததற்கு ‘சுட்டி’ கணினியில் மவுசாகிவிட்டது. ‘சுட்டு’ என்றால் இலக்கணத்தில் அ, இ, உ. ‘இது’, ‘அவன்’ போன்ற சொற்களைப் பற்றித் தனியாகப் பேச வேண்டிய துறை இது. சுட்டை அதற்கே விட்டுவைப்போம்.

‘நிலைச்சுட்டு’க்கும் எனக்கு மனம் ஒப்பவில்லை. நிலை என்றதும் பொருளே நிலையானது போலத் தோன்றுகிறது. நிக்சன் பிறக்காமலே போயிருக்கலாம். அப்படி ஒரு நிலைமையில் அந்தப் பெயர் குறிக்க ஆள் இருக்காது. அதற்காக வேறோர் ஆளைப் பிடித்துக்கொள்ளாது. எப்போதும் இருந்தே தீரும் பொருளைக் குறிப்பதற்குக் கிரிப்கி வேறு பெயரே வைத்திருக்கிறார்.

இனி ‘இடுகுறி’.

> நன்னூலில் இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என்ற பாகுபாடு ஏற்கெனவே இருக்கிறதே. புதிதாகத் தேடுவானேன்?

பேராசிரியர் ஐயாவின் இந்தக் கேள்வியை ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். இழையில் வந்தவற்றிலேயே கனமானது இதுதான். ஐயா தொட்ட ஒப்புமை மேலோட்டமானது அல்ல. மெய்யியலாளர்கள் ஃப்ரெகே, ரஸ்ஸல் வழி வந்தவர்கள் பெயர்களைப் பற்றிச் சொன்ன கொள்கையை நம் இலக்கணச் சொல்லில் சொல்வதானால், எல்லாப் பெயர்களும் உள்ளுக்குள் காரணப் பெயர்களே என்பதுதான். அரிஸ்டாட்டில் என்றால் பிளேட்டோவின் மாணவர், அலெக்சாந்தரின் ஆசிரியர் என்று விரித்துக்கொள்ள வேண்டும். அரிஸ்டாட்டில் பாடம் சொல்லிக் கொடுக்கும் பக்கமே போகாமல் இருந்திருக்கலாமே என்று கிரிப்கி மறுக்கிறார். அப்போதும் அவர் அரிஸ்டாட்டில்தான். காரணங்கள் உதிர்ந்த பிறகும் பெயர் நிற்கிறது. இதைக் கேட்டதும் நன்னூல் படித்த யாருக்கும் இடுகுறி நினைவுக்கு வரும். எனக்கும் வந்தது.

ஆனால் இரண்டு கேள்விகளும் வேறு வேறு. இடுகுறியா காரணமா என்பது பெயர் எப்படி வந்தது என்று கேட்கிறது. கிரிப்கி கேட்பது, வந்த பெயர் மாறிய நிலைமையில் எதைக் குறிக்கும் என்று. புதுச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் காரணப் பெயர். காரணம் முகத்திலேயே எழுதியிருக்கிறது. ஊர் இன்று புதிது இல்லை. அதற்காகப் பெயர் நழுவி நேற்று முளைத்த ஏதோ ஒரு குடியிருப்புக்குப் போய்விட்டதா? இங்கிலாந்தில் டார்ட் ஆற்று முகத்துவாரத்தில் இருக்கும் டார்ட்மத் ஊரைப் பற்றி மெய்யியலாளர் மில் சொன்னதும் இதுதான், கிரிப்கியும் அதை எடுத்தாள்கிறார்: ஆறு திசை மாறினாலும் ஊரின் பெயர் பொய்யாகாது. ஆகக் காரணப் பெயரும் ‘ரிஜிட்’டாக இருக்கலாம். மறுபக்கமும் உடைகிறது. “மிகச் சிறிய பகா எண்” என்பது யாரும் இட்ட குறி அல்ல, முழுக்க ஒரு வருணனை. ஆனால் எந்த நிலைமையிலும் அது 2-ஐத் தவிர வேறெதையும் குறிக்காது. இது 1980 முன்னுரையில் கிரிப்கியே தரும் எடுத்துக்காட்டு. இடுகுறி என்று பெயரிட்டால் புதுச்சேரியும் பகா எண்ணும் வெளியே நின்றுவிடும்.

அப்புறம் என் சொந்தக் காதல் ஒன்று: ‘பெயராப் பெயர்’. இடம் பெயராத பெயர். பத்து நாள் இதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன். கைவிட்டதற்கும் அந்தப் பகா எண்தான் காரணம். பெயரையும் வருணனையையும் சேர்த்துக் குறிக்கத்தான் கிரிப்கி ‘டெசிக்னேட்டர்’ என்ற பொதுச்சொல்லை எடுத்தார். “மிகச் சிறிய பகா எண்” என்ற தொடரைப் பெயர் என்று அழைக்க முடியாது. தமிழில் இந்தக் கோட்டை இன்னும் கவனமாகப் போட வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் வருணனையின் முன்னே ‘த’ வந்து நிற்கும், பெயருக்குப் பெரிய எழுத்து இருக்கும். நமக்கு இரண்டும் இல்லை. ‘வென்றவர்’ என்ற வினையாலணையும் பெயரே பெயர் போலவும் நிற்கிறது, வருணனை போலவும் நிற்கிறது.

ஆகவே என் பரிந்துரை ‘விலகாக் குறி’. எதிர்ச்சொல் ‘விலகு குறி’, வினைத்தொகையாக. தன்மையைச் சொல்ல ‘விலகாமை’. குறி என்பது இடுகுறியிலேயே இருக்கும் சொல். “எல்லாச் சொல்லும் பொருள் குறித்தனவே” என்ற தொல்காப்பிய நூற்பாவின் வினையும் அதே. “நிக்சன் என்பது விலகாக் குறி; 1970-இன் அதிபர் என்பது விலகு குறி” என்று ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். விளக்கம் கேட்காமலேயே பாதி புரிகிறது.

> ‘விலகல்’ புள்ளியியலில் டீவியேஷன் ஆயிற்றே? இலங்கையில் நியம விலகல் என்கிறார்கள்.

சரிதான், தமிழ்நாட்டுப் பாடநூல்களில் திட்ட விலக்கம். ஆனால் அங்கேயும் ஒரு நடுவிலிருந்து தள்ளிப்போவதுதான் பொருள். இரண்டு துறைகளும் ஒரே வேரை ஒரே திசையில் பயன்படுத்தினால் மாணவருக்கு உதவிதான். ‘குறிப்பான்’ போல எதிரெதிராக இழுக்கவில்லை.

தம்பிக்கு ஒன்று, இழைக்கு வெளியே என்றாலும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக் கோள் மாலையில் தெரியும்போது ஹெஸ்பரஸ், காலையில் தெரியும்போது ஃபாஸ்ஃபரஸ் என்று வரும் பகுதியில் அந்திவெள்ளி, விடிவெள்ளி என்று எழுதிவிடாதீர்கள். மாலையில் தெரிவதும் காலையில் தெரிவதும் ஒரே கோள் என்பது வானத்தைப் பார்த்துக் கண்டுபிடித்த செய்தி என்பதில்தான் அந்த வாதமே நிற்கிறது. நம் சொற்கள் இரண்டிலும் ‘வெள்ளி’ உட்கார்ந்து விடையை முன்பே சொல்லிவிடுகிறது. கிரேக்கப் பெயர்களையே வைத்துக்கொள்ளுங்கள். ‘பாஸ்பரஸ்’ என்று எழுதினால் வேதியியல் வந்துவிடும், ‘ஃபாஸ்ஃபரஸ்’ என்றே எழுதுங்கள்.

கடைசியாக, ஐயாவிடம் ஒரு கேள்வி. 1980 முன்னுரையில் கிரிப்கி விலகாமையை இரண்டாகப் பிரிக்கிறார். இந்தப் பொருளையே குறிக்கட்டும் என்று நாம் வைத்ததால் விலகாதது ஒன்று. நிக்சன் அந்த வகை. வருணனையில் சொல்லப்படும் பண்பு எந்த நிலைமையிலும் அந்த ஒரே பொருளுக்கு மட்டும் பொருந்துவதால் விலகாதது இன்னொன்று. பகா எண் அந்த வகை. முதலாவதை ‘இடுவழி விலகாமை’ என்றும் இரண்டாவதைப் ‘பண்புவழி விலகாமை’ என்றும் சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஐயா எடுத்துக் கொடுத்த ‘இடு’ இங்கேதான் சரியாகப் பொருந்துகிறது. ‘இடுகைவழி’ என்று முதலில் எழுதினேன். இணையத்தில் இடுகை என்றால் வலைப்பதிவில் இடும் கட்டுரை என்றாகிவிட்டதால் மாற்றினேன். ‘பண்புவழி’யைப் படித்ததும் பண்புத்தொகை, பண்புப்பெயர் பக்கம் மனம் போகுமோ என்ற தயக்கம் மட்டும் இருக்கிறது. இதைவிடப் பொருத்தமான சொல் ஐயாவுக்குத் தோன்றினால் எழுதுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

அன்புடன்