லோட் லைப்ரரியின் அடைவை வாசித்தால் குப்பை வருகிறது: உதவி தேவை

உப்புவெளியான்:
வணக்கம். ஐபிஎம் மெயின்பிரேம் லைப்ரரியின் அடைவை (உள்ளிருக்கும் மெம்பர்கள் எனும் கோப்புகளின் பட்டியலை) வாசித்து மெம்பர் பெயர்களை அச்சிடும் அசெம்பிளர் நிரலொன்றை எழுதினேன். மூலநிரல் லைப்ரரியில் பெயர்கள் ஒழுங்காக வருகின்றன; இயக்கத் தயாரான நிரல்கள் உள்ள லோட் லைப்ரரியைக் கொடுத்தால் ஆங்காங்கே ஒரு பெயரும் மற்றபடி குப்பையுமே வருகின்றன. இங்கே திருகோணமலையில் எட்டு மணிக்கு மின்வெட்டு. அதற்குள் யாராவது சொல்லுங்கள்.

கிண்ணியா வாசகன்:
எந்த இயங்குதளம், லைப்ரரி பழைய வகையான பிடிஎஸ்ஸா புதிய வகையான பிடிஎஸ்ஈயா, அடைவை எவ்வாறு திறக்கிறீர்கள் என்ற மூன்றையும் சொல்லாமல் எதைச் சொல்வது?

மூதூரான்:
இது டிசிபி (கோப்பின் அமைப்பை நிரலில் குறிப்பிடும் பகுதி) கோளாறுதான். லோட் லைப்ரரியின் பதிவமைப்பு யு, அதாவது நீளம் வரையறுக்கப்படாதது. டிஎஸ்ஓஆர்ஜி பிஎஸ் (வரிசைக் கோப்பு), பதிவமைப்பு எஃப் (நிலையான நீளம்), பிளாக்சைஸ் 256 என்று நீங்களே குறிப்பிடாவிட்டால் லேபிளில் உள்ளதே எடுத்துக்கொள்ளப்படும். இல்லாவிட்டால் அடைவில் தேடித் தரும் பில்டிஎல் மேக்ரோவைப் பயன்படுத்துங்கள்.

பழைய கை:
பில்டிஎல் பெயர் தெரிந்தவருக்கே உதவும். தம்பி தேடுவதே பெயர்களை. பிடிஎஸ்ஈ என்றால் அடைவு விவரம் தரும் டெசர்வ் மேக்ரோவே முறையான வழி. எட்டு எழுத்துக்கு மேற்பட்ட மாற்றுப்பெயர்களைப் பில்டிஎல் தராது. கையேட்டைத் திறந்து பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திராது.

மூதூரான்:
பிடிஎஸ்ஈ என்று அவர் சொல்லவே இல்லையே, ஐயா. அதிலும் அடைவை 256 பைட் பிளாக்குகளாக வரிசையாக வாசிக்கலாம்.

பழைய கை:
வாசிக்கலாம் என்பது வேறு, வாசிக்க வேண்டிய முறை வேறு.

உப்புவெளியான்:
மன்னிக்கவும், தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன். வீட்டு மடிக்கணினியில் மெயின்பிரேமைப் போல நடிக்கும் ஹெர்குலிஸ் மென்பொருளின் மேல் எம்விஎஸ் 3.8ஜே என்ற பழைய இயங்குதளம் ஓடுகிறது. பிளாக்சைஸ் 256 கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு பிளாக்கிலும் முதற் பெயர் சரியாக வருகிறது. பிறகு 42 பைட் தாண்டி அடுத்ததை எடுக்கிறேன்.

கிண்ணியா வாசகன்:
அப்படியானால் டெசர்வ் பேச்சுக்கே இடமில்லை. அந்தப் பதிப்பில் பிடிஎஸ்ஈ கிடையாது. பிளாக்கின் முதற் பெயர் சரியென்றால் டிசிபியும் சரி. தவறு 42இல் இருக்கிறது. பிளாக்கின் முதல் இரண்டு பைட், தம்மையும் சேர்த்து, பயன்பட்ட நீளத்தைச் சொல்கின்றன. அதன்பின் ஒவ்வொரு பதிவிலும் பெயருக்கு 8 பைட், முகவரிக்கு 3, அடுத்து ஒரு பைட், அதன்பின் பயனர் தரவு. அந்த ஒற்றைப் பைட்டின் கடைசி ஐந்து பிட்களே தரவு எத்தனை அரைச்சொல் (இரண்டு பைட்) என்று காட்டுகின்றன. எடிட்டர் எழுதும் புள்ளிவிவரம் 30 பைட் என்பதால் மூலநிரல் லைப்ரரியில் 12உம் 30உம் சேர்ந்து 42 என்பது தற்செயலாகப் பொருந்தியது. லோட் மெம்பரில் மாற்றுப்பெயர் உண்டா என்பது போன்ற பல பண்புகளைப் பொறுத்து அந்த நீளம் மாறும். அந்தப் பைட்டை ஹெக்ஸ் 1எஃப்புடன் ஆண்ட் செய்து கடைசி ஐந்து பிட்களை மட்டும் எடுத்து, இரண்டால் பெருக்கி, 12ஐக் கூட்டித் தாண்டுங்கள். அந்தப் பைட்டின் முதற் பிட் ஒன்றென்றால் அது மாற்றுப்பெயர்.

பழைய கை:
இதைத்தான் கையேட்டில் பார்க்கச் சொன்னேன்.

மூதூரான்:
நீங்கள் சொன்னது டெசர்வ்.

உப்புவெளியான்:
பெயர்கள் வந்துவிட்டன, மிக்க நன்றி. கடைசிப் பெயருக்குப் பின் மட்டும் இன்னும் ஏதோ வருகிறது.

கிண்ணியா வாசகன்:
பெயரின் எட்டுப் பைட்டும் எஃப்எஃப் என்றால் அதுவே அடைவின் முடிவு. அங்கே நிறுத்துங்கள், அதற்குப் பிந்திய பிளாக்குகள் பயன்படாதவை. நிறுத்தியபின் சரியாகிவிட்டதா?

மூதூரான்:
எட்டு மணி தாண்டிவிட்டது, ஐயா.