நேர்வ் புளொக்: அடைப்பா, மறிப்பா, விறைப்பா?

அன்புள்ள குழுவினருக்கு,

கையில் சத்திரசிகிச்சை செய்யவிருப்பவர்களுக்கு மும்மொழியிலும் ஒரு விளக்கத்தாள் தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். சிங்களமும் ஆங்கிலமும் முடிந்துவிட்டன. தமிழ் 'நேர்வ் புளொக்' என்ற இடத்தில் நிற்கிறது. முழு மயக்கம் கொடுக்காமல், ஸ்கேன் திரையில் நரம்பைப் பார்த்தபடி அதைச் சுற்றி மருந்தை விட்டு, கையை மட்டும் விறைக்கச் செய்யும் முறை. 'கழியொலி வழிகாட்டலில் புய நரம்புப் பின்னல் அடைப்பு' என்று எழுதி வார்டில் வாசித்துக் காட்டினேன். (கழியொலி என்றால் அல்ட்ராசவுண்ட்; புய நரம்புப் பின்னல் என்றால் கைக்குப் போகும் நரம்புக் கூட்டம்.) ஒரு அம்மா, "அடைப்பை எடுக்கப் போறீங்களா, வைக்கப் போறீங்களா தம்பி?" என்று கேட்டார். அடைப்பு என்றால் சனத்துக்கு இதயக் குழாய்தான்.

ஊசி போடும் இடத்தை வைத்து நான்கு வகைக்கும் பெயர் தேவை: கழுத்துப் பக்கம், காறை எலும்புக்கு மேல், அதற்குக் கீழ், அக்குள்.

*

தம்பி,

'நரம்பு மறிப்பு' என்று வையுங்கள். வலிச் செய்தியை வழியில் மறிக்கிறது; மருந்தும் நரம்பில் சோடியம் அயன் போகும் வாசலைத்தானே மறிக்கிறது? கழியொலியைக் கைவிட வேண்டாம். தமிழ்நாட்டார் மீயொலி என்பார்கள். இங்கே பிள்ளைகள் படிப்பது கழியொலி. கழி என்றால் மிகுதி; 'சால உறு தவ நனி கூர் கழி மிகல்' என்று நன்னூல் சொல்கிறது. வள்ளுவரின் 'கழிபேர் இரையான்' நினைவிருக்கும். காறையும் அருமையான சொல். அது கழுத்தில் அணியும் நகை. அது கிடக்கும் இடத்து எலும்பு காறை எலும்பு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார், உடற்கூற்றியலுக்கு 'அங்காதிபாதம்' என்ற சொல்லோடு. நாம் ஏன் பின்வாங்க வேண்டும்?

*

ஐயா, மன்னிக்க வேண்டும். மறிப்பு என்றதும் மறியல்தான் ஞாபகம் வரும். கழி என்றால் வார்டில் கழிச்சல். பல்லுப் பிடுங்கப் போன எல்லோருக்கும் விறைப்பூசி தெரியும். 'நரம்பு விறைப்பூசி' போதாதா? தாதியாக வேலை செய்யும் எனக்கு ஒரே வசனத்தில் விளங்கப்படுத்த முடிகிற சொல் வேண்டும்.

*

மயக்க மருந்து வைத்தியரான எனக்கு விறைப்பில் ஒரு தடை உண்டு. பிணம் விறைப்பதும் விறைப்புத்தான். தவிர, இந்த ஊசியில் உணர்வு மட்டுமல்ல, அசைவும் போகும். கை பல மணி நேரம் சொன்னபடி கேட்காது. அதைத் தாளில் கட்டாயம் எழுதுங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். இடப்பெயர் வெறும் அடைமொழி அல்ல, ஆபத்தே இடத்தைப் பொறுத்தது. கழுத்துப் பக்க ஊசி தோள்மூட்டுக்கு நல்லது. ஆனால் மூச்சை இழுக்கும் தசையான பிரிமென்தகட்டுக்குப் போகும் நரம்பும் பெரும்பாலும் சேர்ந்து விறைக்கும், நுரையீரல் வருத்தக்காரருக்கு மூச்சு முட்டும். சின்னவிரல் பக்கம் விறைக்காமலும் போகலாம். காறைக்கு மேலே நரம்புகள் நெருங்கி, திரையில் திராட்சைக் குலை போல நாடிக்குப் பக்கத்தில் தெரியும். அதனால் முழங்கை முதல் விரல் வரை கெதியாக விறைக்கும். ஆனால் நுரையீரலின் உறை மிகக் கிட்ட. 1911இல் ஜேர்மன் சத்திரசிகிச்சை வைத்தியர் குலென்காம்ப் இதைக் கண்ணால் பாராமல்தான் செய்தார். 1994இல் வியன்னாவில் மயக்க மருந்து வைத்தியர் கப்ராலின் குழுவினர் ஸ்கேனில் பார்த்துச் செய்து காட்டினார்கள். காறைக்குக் கீழே ஊசி ஆழமாகப் போகும், மூச்சுக்குத் தொந்தரவு குறைவு. அக்குளில் நுரையீரல் பயமே இல்லை. ஆனால் ஒரு நரம்பு தசைக்குள் விலகி நிற்பதால் அதற்குத் தனியாக மருந்து விட வேண்டும். இவற்றில் எதைப் போடப் போகிறோம் என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு இருக்கிறது. மூச்சு வருத்தம் உள்ளவர் 'கழுத்து' என்ற சொல்லைக் கண்டதும் கேள்வி கேட்க வேண்டும்.

*

சரி, நேரமில்லை. பெரும்பான்மைப்படி இப்படிப் போகிறது: கழுத்து நரம்பு விறைப்பூசி, மேற்காறை நரம்பு விறைப்பூசி, கீழ்க்காறை நரம்பு விறைப்பூசி, அக்குள் நரம்பு விறைப்பூசி. 'ஸ்கேன் பார்த்து' என்று முதல் வரியில் வரும். அசைவு போவதும் மூச்சு விஷயமும் தடித்த எழுத்தில்.

*

தம்பி, என் எதிர்ப்பைப் பதிந்துகொள்ளுங்கள். மேற்காறை, கீழ்க்காறைக்கு நன்றி. ஆனால் பள்ளிக்கூடத்தில் படித்த கழியொலியை வைத்தியசாலை வாசலிலேயே விடச் சொல்வது சரியல்ல. ஸ்கேனுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள்ளாவது அதைப் போடுங்கள்.