பூலாவ் பெத்தோங்கில் கிடைத்த இந்த ஒரா மீன் எந்த வகை?

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. பினாங்கு பூலாவ் பெத்தோங்கில், கண்டல் (அலையாத்தி) மரங்கள் ஒட்டிய ஆற்று வாயில் சித்தப்பா வலையில் சிக்கிய மீன் இது. படங்களைக் கீழே போட்டிருக்கிறேன்.

முதலில் கித்தாங் (மலாயில் வேறொரு மீனின் பெயர்) என்றுதான் வீட்டில் சொன்னார்கள். ஆனால் கித்தாங்கிற்குக் குதத் துடுப்பில் 4 முட்கள்தான் இருக்கும். இதில் 7 இருக்கின்றன, முதுகில் 13. வயிற்றுத் துடுப்பிலும் இரு ஓரங்களில் முள், நடுவில் மென்மையான கதிர்கள். ஆக இது மலாய்க்காரர்கள் சொல்லும் டெங்கிஸ், அதாவது நம் ஒரா குடும்பம். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

எந்த இனம் என்பதில்தான் உதவி வேண்டும். மேல் பாதியில் வெளிர் புள்ளிகள், கீழே அலை அலையாகக் கோடுகள். அதனால் சிகானஸ் ஜாவஸ் என்ற ஒரா இனம் என்று நினைக்கிறேன். இன்னொரு ஒரா இனமான சிகானஸ் குட்டாட்டஸ் என்றால் ஆரஞ்சுப் புள்ளிகளும், முதுகுத் துடுப்பு முடியும் இடத்தில் பளிச்சென்ற மஞ்சள் திட்டும் இருக்க வேண்டும். இதில் அது இல்லை. ஆனால் ஒரா செத்ததும் நிறம் மாறிவிடும், அதுதான் குழப்பம்.

அப்புறம் வாழிடம். குட்டாட்டஸ் ஓதத்தோடு (கடல் நீர் ஏற்ற இறக்கத்தோடு) ஆற்றுக்குள் வந்து போகும். ஜாவஸும் இங்கே கண்டல் பக்கம் வழக்கமாக வருமா, அல்லது பாறை ஓரங்களிலேயே பாசி மேயுமா? தெலுக் கும்பார், பத்து மாவுங் பக்கம் மீன் பிடிப்பவர்கள் பார்த்ததைச் சொன்னால் பெரிய உதவி. உயிரோடு எடுத்த படம் இருந்தால் இன்னும் நல்லது.

பிடிப்பவர்கள் கவனம், முட்களில் விஷம் உண்டு. குத்தினால் பொறுக்கும் அளவு சூடான நீரில் கையை வையுங்கள்.