முழங்கால் போய் கபடி முடிந்தது, அடுத்து எதைப் பிடிப்பது?

கடலூர் மஞ்சக்குப்பம், வயது 27, கபடியில் ரைடர் (பாடிப் போகிறவன்). 2023இல் வலது முழங்காலில் ஏசிஎல் (மூட்டைப் பிணைக்கும் நார்) அறுந்து மெனிஸ்கஸும் (மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு) கிழிந்தது. அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் பிசியோ எல்லாம் ஆச்சு. நடக்க, படியேற வலியில்லை, ஆனால் கபடி மேட்டில் (விரிப்பில்) சட்டென்று திரும்பினால் முட்டி நழுவுகிறது, இனி ஆடவே கூடாது என்கிறார் டாக்டர்.

கடையில் வேலைக்குப் போய்ப் பார்த்தேன், ஒட்டவில்லை. அம்மா பிரதோஷம் தவறாமல் பாடலீஸ்வரர் கோயிலுக்கு இழுத்துப் போகிறார், கல்லோடு கடலில் போட்ட அப்பரே கரையேறின ஊருடா இது என்கிறார். எனக்குக் கும்பிடக் கைதான் எழவில்லை (அவரிடம் சொல்லவில்லை). தேவனாம்பட்டினம் மணலில் பசங்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கும்போது மட்டும் மனசு கொஞ்சம் லேசாகிறது.

கடலூர், புதுச்சேரி பக்கம் காயத்தால் ஆட்டத்தை விட்டு கோச்சாகவோ நடுவராகவோ ஆனவர்கள் யாராவது இருந்தால், முதலில் எங்கே போய்ச் சேர்ந்தீர்கள்?