மறு: சிறுநீரக நரம்புச் சிகிச்சைக்குச் சொல் வேண்டும்

அன்பர்களே,
நோயாளர் ஒப்புதல் படிவம் ஒன்றை வெள்ளிக்குள் தமிழாக்கித் தர வேண்டும். சிறுநீர்ப்பெருக்கி உட்பட மூன்று மருந்து எடுத்தும் இறங்காத இரத்த அழுத்தத்துக்கான 'ரீனல் டீநெர்வேஷன்'. 'சிறுநீரக நரம்பறுப்பு' சரியா?
— க.

'அறுப்பு' வேண்டவே வேண்டாம். கத்தியே படுவதில்லை. தொடைத் தமனி வழியாகக் கதீட்டர் என்னும் மெல்லிய குழாயைச் சிறுநீரகத் தமனிக்குள் செலுத்தி, ரேடியோ அலையாலோ அல்ட்ராசவுண்டாலோ சூடேற்றி, தமனியைச் சுற்றியுள்ள, இரத்த அழுத்தத்தை ஏற்றும் பரிவு நரம்புகளைச் செயலிழக்கச் செய்கிறோம். நரம்பை உண்மையாகவே அறுத்தது 1940களில். எழுந்து நின்றாலே நோயாளிகளுக்கு மயக்கம் வந்தது.
— மரு. ச.

தமனி வடசொல். தொல்காப்பியர் 'நரம்பின் மறைய' என்றது யாழ் நரம்பை. முறுக்கேறிய நரம்பைத் தளர்த்துவது யாழோர் வழக்கம். எனவே 'நரம்புத் தளர்வு'.
— புலவர் இ.

ஐயா, 'நரம்புத் தளர்ச்சி' என்றால் ஊரில் என்ன நினைப்பார்கள் என்று தெரியாதா?
— க.

எங்கட பாடநூல்களில் தமனி இல்லை, நாடிதான். இரத்த அழுத்தத்தையும் குருதியமுக்கம் என்றுதான் படிச்சனாங்கள்.
— யாழ்ப்பாணத்திலிருந்து வ.

இங்கே நாடி என்றால் கைபிடித்துப் பார்ப்பது, அண்ணா. அதைவிடப் பெரிய சிக்கல் 'நரம்பு'. வார்டில் 'நரம்பு ஊசி' என்றால் இரத்தக்குழாயில் போடுவது. நரம்பைச் சுடுவோம் என்றால் இரத்தக்குழாயைச் சுடுவதாகப் பயப்படுவார்கள். 'நரம்புத் தணிப்பு' என்று வைத்து, கீழே இரண்டு வரி விளக்குங்கள்.
— செவிலியர் ஆசிரியை ம.

அம்மா சொல்வது பழைய வழக்கே. புறநானூறு 278: 'நரம்பெழுந்து உலறிய நிரம்பா மென்தோள்'. கிழவியின் தோளில் புடைத்தது இரத்தக்குழாய்தானே!
— இ.

தணிப்பு எனக்குச் சம்மதம். 'தீர்வு', 'குணம்' எதுவும் சேர்க்காதீர்கள். 2014இல், நரம்பைச் சுடாமல் செய்வதுபோல் மட்டும் காட்டும் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட ஆய்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. கருவிகளும் முறையும் மேம்பட்ட பிறகே, 2023 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இரண்டு கருவிகளுக்கு ஒப்புதல் தந்தது. பெரும்பாலானோருக்கு மாத்திரை தொடரும்.
— ச.

எனக்குச் சம்மதமில்லை. தணித்தது திரும்ப எழும் என்று நினைப்பினம். கையெழுத்து வாங்கிற தாளில் சுடுறதைச் சுடுறது எண்டே எழுத வேணும். 'நரம்புச் சுடுகை'.
— வ.

தலைப்பில் 'சிறுநீரக நரம்புத் தணிப்பு', முதல் வரியில் 'வெப்பத்தால் சுட்டு' என்று வைத்து அனுப்பிவிட்டேன். அனைவருக்கும் நன்றி.
— க.

தமனியை மாற்றினீர்களா?
— இ.