உடும்பின் வாயில் இருப்பது நஞ்சா, நச்சா? வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம். உடும்புகளைப் பராமரிப்பவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'உடும்புக்கடி' என்ற இயலில் வந்து நிற்கிறேன். மூலத்தில் வெனம், பாய்சன், டாக்ஸின் மூன்றும் வெவ்வேறு பொருளில் வருகின்றன. கடித்தோ கொட்டியோ இன்னோர் உயிரின் உடம்புக்குள் செலுத்துவது வெனம். தின்றாலோ தொட்டாலோ தீங்கு செய்வது பாய்சன். உயிரினங்கள் உண்டாக்கும் தீங்கான மூலக்கூறு டாக்ஸின். நம்மிடம் நஞ்சு, விஷம் என்ற இரண்டும் எல்லாவற்றுக்கும் பொதுவாகவே புழங்குகின்றன. இப்போதைக்கு வெனத்துக்கு நஞ்சு, பாய்சனுக்கு நச்சு, டாக்ஸினுக்கு நச்சுப்பொருள் என்று பிரித்து வைத்திருக்கிறேன். இது தாங்குமா?

தமிழாசிரியர்:

தாங்காது அம்மா. நஞ்சும் நச்சும் ஒரே சொல்தான். மென்தொடர்க் குற்றியலுகரச் சொற்களில் சில, வேற்றுமைப் புணர்ச்சியில் வன்தொடராகும். இரும்பு, இருப்புப்பாதையில் மாறுகிறது. குரங்கு, குரக்குக்காலில் மாறுகிறது. நஞ்சு நச்சுப்பாம்பில் மாறுவதும் அதே விதிப்படிதான். உங்கள் பிரிவினையை ஏற்றுக்கொண்டால் நச்சுப்பாம்பு என்பது தின்னக் கூடாத பாம்பு என்றாகிவிடும். நச்சுப்பல் என்ற நல்ல சொல்லும் போய்விடும். புணர்ச்சியில் வரும் மாற்றத்தின் மேல் பொருள் வேறுபாட்டை ஏற்றக் கூடாது.

பழைய ஆட்சியும் உங்களுக்கு உதவாது. 'பெயக்கண்டும் நஞ்சுண் டமைவர்' என்ற குறளில் (580) நஞ்சு குடிப்பது. 'நடுவூருள் நச்சு மரம்பழுத் தற்று' என்பதில் (1008) பழத்தில் இருப்பது. மூதுரையில் 'நஞ்சுடைமை தானறிந்து நாகம் கரந்துறையும்' என்னும்போது பாம்பின் பல்லில் இருப்பது. நம் முன்னோர் பல்லையும் பழத்தையும் பிரித்துப் பார்க்கவில்லை. அந்த 1008ஆம் குறளின் முதற்சொல் 'நச்சப்படாதவன்'. அந்த நச்சு விருப்பம் என்னும் வேறு சொல். அதையும் இதையும் ஒரே குறளில் வைத்திருக்கும் அழகை மாணவர்களிடம் சொல்லாமல் நான் அந்த அதிகாரத்தைக் கடப்பதே இல்லை.

மூத்த உறுப்பினர்:

ஆசிரியர் சொன்ன இலக்கணம் சரி. வேரையும் பார்த்துவிடலாம். நை என்பதே வேர் என்பது என் கருத்து. நைதல், நைந்துபோதல், அதிலிருந்து நைஞ்சு, நஞ்சு. உடம்பை நையச் செய்வதால் நஞ்சு. அப்படியானால் அது விளைவைச் சொல்லும் சொல்லே தவிர, எந்த வழியாக உள்ளே போனது என்பதைச் சொல்லாது. வழியைச் சொல்ல வேறு சொல் தேட வேண்டும். நான் 'கடு' என்பேன். கடு என்றால் நஞ்சு என்று நிகண்டுகளில் உண்டு. தேள் கொட்டினால் 'கடுக்கிறது' என்றுதானே சொல்கிறோம்? கடுப்பு, கடுமை, கடி எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் நிற்பவை. வெனம் என்பது கடு. விஷம் வேண்டவே வேண்டாம். வடசொல்லைத்தான் எடுக்க வேண்டுமென்றால் விடம் என்றாவது எழுதுங்கள்.

உடும்பு என்ற சொல்லையும் ஆராய வேண்டும். உடு என்பதற்குச் சூழ்தல், சுற்றிப் பற்றுதல் என்ற பொருள் இருக்கிறது. உடுத்துவது அதனால்தான். கவ்வினால் விடாத விலங்குக்கு உடும்பு என்று பெயர் வந்தது அந்த வழியில் இருக்கலாம். புறநானூற்றில் (68) பசித்த பாணர் சுற்றத்தின் எலும்பு தெரியும் விலாவுக்கு 'உடும்புரித் தன்ன' என்று உவமை. அவ்வளவு நெருங்கிப் பார்த்த விலங்கு.

தமிழாசிரியர்:

ஐயா, 'உடும்பின் கடு' என்று அச்சில் வந்தால் படிப்பவர் எழுத்துப்பிழை என்று நினைத்துக் 'கடி' என்று திருத்திக்கொள்வார். கடுவுக்குக் கடுக்காய் என்ற பொருளும் இருக்கிறது. அந்தச் சொல்லின் மேல் எனக்கும் ஆசைதான். ஆனால் அது செய்யுளில் இருக்கட்டும்.

விலங்கு மருத்துவர்:

சொல்லுக்கு முன்னால் பொருளைப் பார்ப்போம். உடும்பின் வாயில் இருப்பது வெனம்தானா என்பதே இன்னும் தீராத வழக்கு.

நெடுங்காலம் உடும்புக்கு நஞ்சில்லை என்றே பாடநூல்கள் சொல்லின. உடும்புகளில் மிகப் பெரியதான கொமோடோ டிராகன் கடித்த இரை சாவதற்கு வாயில் இருக்கும் கிருமிகளே காரணம் என்ற விளக்கமும் பரவியிருந்தது. 2005 இறுதியில் பிரையன் ஃப்ரையும் உடன் ஆய்வாளர்களும் நேச்சர் இதழில் வேறு விதமாகச் சொன்னார்கள். உடும்புகளின் கீழ்த்தாடைச் சுரப்பிகளில் பாம்பு நஞ்சுக்கு உறவான புரதங்கள் இருந்தன. ஆஸ்திரேலியாவின் லேஸ் உடும்பிடமிருந்து எடுத்தவற்றில் இரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுப்பதும், இரத்த அழுத்தத்தைக் குறைப்பதும் இருந்தன. 2009இல் கொமோடோவின் தலையை எம்ஆர்ஐ எடுத்து, அந்தச் சுரப்பி எத்தனை சிக்கலான அமைப்புடையது என்று காட்டினார்கள். 2013இல் காட்சிச்சாலை கொமோடோக்களின் வாயை ஆராய்ந்தபோது, கிருமிகள் மற்ற ஊனுண்ணிகளின் வாயில் இருப்பவை போலத்தான் இருந்தன. கிருமிக் கதை அங்கே பெரும்பாலும் விழுந்துவிட்டது.

ஆனால் மறுப்பும் வலுவானது. அந்தப் புரதங்களை உண்டாக்கும் மரபணுக்களில் பல, உடம்பின் மற்றத் திசுக்களிலும் சாதாரணமாக வேலை செய்கின்றன என்று 2014இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. வாயில் இருப்பதாலேயே அதற்கு நஞ்சு என்று பெயர் வைத்துவிட முடியுமா? இரையை வீழ்த்த உடும்பு அதை நம்பியிருக்கிறதா, அல்லது பல்லாலும் தாடையாலும் கிழிப்பதே போதுமா? இது தெளியவில்லை. உடும்பின் பல்லில், நஞ்சுள்ள பல்லியான ஹீலா மான்ஸ்டருக்கு இருப்பது போன்ற வரிப்பள்ளம் கிடையாது. நாளங்கள் பற்களுக்கு இடையே திறக்கின்றன. சுரப்பு எச்சிலோடு கலந்து காயத்தில் கசிகிறது, அவ்வளவுதான். பாய்ச்சுவது என்ற பேச்சே இல்லை.

அதனால் யாராவது 'பாய்நஞ்சு', 'செலுத்துநஞ்சு' என்று கொண்டுவந்தால் இப்போதே மறுத்துவிடுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர்:

'பாய்நஞ்சு' என் வரைவில் இருந்தது. எடுத்துவிட்டேன். மருத்துவர் ஐயா, பாம்பு, உடும்பு, ஓணான் உறவினங்களை எல்லாம் சேர்த்து 2005இல் வைத்த டாக்ஸிகோஃபெரா என்ற பெயரும் ஓரிடத்தில் வருகிறது. 'நஞ்சேந்திகள்' என்று வைக்கலாமா?

விலங்கு மருத்துவர்:

பெயர் நன்றாக இருக்கிறது. ஆனால் அதைப் படிப்பவர் ஓணானையும் நஞ்சுள்ளது என்று அடிக்கக் கிளம்பிவிடுவார். ஒலிபெயர்த்து விடுங்கள்.

அவசரப் பிரிவுச் செவிலியர்:

நான் இங்கே பெரும்பாலும் படிப்பதோடு சரி. இதில் மட்டும் சொல்லியாக வேண்டும். கடிபட்டு வருபவர் வாயில் வரும் சொல் 'விஷக்கடி'. 'விஷம் ஏறுது' என்பார்கள். குடித்தவருக்கு யாரும் விஷம் ஏறுகிறது என்று சொல்வதில்லை, குடித்துவிட்டார் என்பார்கள். நீங்கள் தேடும் பிரிவினை பேச்சுத் தமிழில் வினைச்சொல்லில் இருக்கிறது, பெயர்ச்சொல்லில் இல்லை.

என் கவலை வேறு. நஞ்சு என்றோ விஷம் என்றோ கையேட்டில் போட்டதும், கடிபட்டவர் கேட்கும் முதல் கேள்வி 'ஊசி எங்கே?' என்பதாக இருக்கும். உடும்புக்கடிக்கு நச்சுமுறி கிடையாது. பாம்புக்கடிக்கான நச்சுமுறி குறிப்பிட்ட பாம்புகளின் நஞ்சுக்கு எதிராகப் பெரும்பாலும் குதிரையின் இரத்தத்திலிருந்து எடுப்பது. உடும்புக்கடிக்கு அதைப் போட்டால் பயனில்லை, ஒவ்வாமையால் உயிருக்கே ஆபத்து வரலாம். சொல்லில் கவனம் வேண்டும் என்று கேட்பது அதனால்தான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. நஞ்சே இல்லை என்று எழுதினால், கைவிரலில் இரத்தம் நிற்காமல் வந்துகொண்டிருக்கும்போது துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள்.

மூத்த உறுப்பினர்:

'ஏறுது' என்று இந்த அம்மையார் சொன்னது அருமை. ஏறுநஞ்சு! வினைத்தொகை. கடுவைக்கூட விட்டுவிடுகிறேன்.

தமிழாசிரியர்:

ஏறுநஞ்சு சொல்லாகச் சரி. ஆனால் குடித்த நஞ்சும் தலைக்கு ஏறும் என்று ஒருவர் வருவார். மருத்துவர் சொன்ன முறையில் பார்த்தால் 'கசிநஞ்சு' உடும்புக்கு இன்னும் பொருந்தும். பாம்புக்குப் பொருந்தாது.

மொழிபெயர்ப்பாளர்:

ஒரு விலங்குக்கு ஒரு சொல் என்று போனால் தேளுக்கு வரும்போது கொட்டுநஞ்சு கேட்பீர்கள். எனக்கு நேரமில்லை. கையேட்டில் வருவது கடி மட்டும். வெனம் என்று பொதுவாக வரும் இடங்களில் 'கடிநஞ்சு', முதல் முறை மட்டும் பக்கத்தில் 'விஷக்கடியில் ஏறுவது' என்று ஒரு விளக்கம். பாய்சனுக்கு 'உண்நஞ்சு'. டாக்ஸின் நச்சுப்பொருளாகவே இருக்கட்டும். தொகையில் வருவதால் ஆசிரியரும் மறுக்க மாட்டார். உடும்புக்கு மட்டும் 'நச்சுச் சுரப்பு'. பகுதி இப்படி வருகிறது:

'உடும்பின் கீழ்த்தாடையில் சுரப்பிகள் உள்ளன. அவற்றின் நச்சுச் சுரப்பு கடிவாயில் கலந்தால் வலி, வீக்கம், நெடுநேரம் நிற்காத இரத்தக்கசிவு ஏற்படலாம். சிலருக்குத் தலைசுற்றலும் வரலாம். கவ்விய உடும்பிடமிருந்து கையைப் பிடுங்காதீர்கள், தசை கிழியும். விடுபட்டதும் ஓடும் நீரில் சோப்புப் போட்டு நன்கு கழுவுங்கள். சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். கயிறு கட்டி இறுக்காதீர்கள். காயத்துக்குள் முறிந்த பல் இருக்கலாம், நரம்போ தசைநாரோ அறுந்திருக்கலாம், டெட்டனஸ் ஊசியும் தேவைப்படலாம். ஆகவே மருத்துவரிடம் போங்கள். கடித்தது உடும்பு என்று தெளிவாகச் சொல்லுங்கள். இதற்கு நச்சுமுறி இல்லை.'

அவசரப் பிரிவுச் செவிலியர்:

'கடித்தது உடும்பு என்று சொல்லுங்கள்' என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். மற்றதெல்லாம் எனக்குச் சம்மதம்.

தமிழாசிரியர்:

உண்நஞ்சு என்றால் தொட்டால் தீங்கு செய்வது விடுபடுகிறது. சரி, கையேட்டில் அது வராது என்றால் போகட்டும். அகராதிக்குப் போகும்போது மறுபடி பேச வேண்டும்.

மூத்த உறுப்பினர்:

ஏறுநஞ்சு என்பதைப் பட்டியலில் ஒரு மாற்றுச் சொல்லாகவாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

விலங்கு மருத்துவர்:

'நச்சுச் சுரப்பு' என்பதற்கு என் ஆதரவைச் சேர்க்க வேண்டாம். 'வாய்ச்சுரப்பு' போதும் என்றுதான் நான் கேட்கிறேன். 2014இல் உடும்புக்கடியால் சிறுநீரகம் செயலிழந்து ஒருவர் இறந்ததாக இந்தியாவிலிருந்து ஓர் அறிக்கை வந்தது. அது உடும்புதானா, பாம்பா என்று நஞ்சியல் வல்லுநர்கள் கேட்டு மறுத்தெழுதினார்கள். அத்தனை ஐயம் உள்ள இடத்தில் 'நச்சு' என்று அச்சில் ஏற்றிவிட்டால், அடுத்த மொழிபெயர்ப்பாளர் அதையே மேற்கோளாகக் காட்டுவார். செவிலியர் அம்மாவின் காரணம் எனக்குப் புரிகிறது. இரத்தம் நிற்கவில்லையென்றால் மருத்துவரிடம் போகச் சொல்ல 'இரத்தம் நிற்கவில்லை' என்ற சொற்களே போதும்.