50,000 ரூபாய்க்குள் எடிட்டிங் கணினி

கேள்வி: கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். 4கே கிளிப்பை டைம்லைனில் போட்டாலே பழைய கணினி திணறுகிறது. கையில் 50,000 ரூபாய்தான். சென்னை ரிச்சி தெருவில் இன்டெல் ஐ5 12400எஃப் பிராசசர் சொல்கிறார்கள். வாங்கலாமா அண்ணா?

பதில்: அந்த ‘எஃப்’ வேண்டாம் தம்பி. அதில் உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு இல்லாமல் திரையே வராது. ‘எஃப்’ இல்லாத சாதா 12400இல் இருக்கும் குயிக் சிங்க் என்ற வீடியோ வசதி, ஹெச்.265 (சுருக்கிப் பதியும் வீடியோ வடிவம்) கிளிப்பை அலுங்காமல் ஓட்டும். ரேம் ஒற்றை 16 ஜிபிக்குப் பதில் 8 ஜிபி இரண்டாகப் போடுங்கள்.

இன்னொருவர்: பவர் சப்ளையில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். நான் பிடித்தேன். ரெண்டர் (முடித்த வீடியோவை உருவாக்குவது) பாதியில் புகை. பெண் வீட்டாருக்குப் பதில் சொல்லி மாளவில்லை.

கேட்டவர்: ஐயோ! சரி, பழைய ஹார்ட் டிஸ்க்?

பதில்: எடிட்டுக்கு எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்), முடித்த வேலைகளை வைக்க அந்தப் பழைய டிஸ்க். புதுக் கணினி வரும்வரை பிராக்ஸி (கிளிப்பின் லேசான நகல்) போட்டு ஓட்டுங்கள்.